கடைசிக் கட்டத்தில் உட்கார்ந்தவள்

எங்கள் மடத்தில் பெரிய பூசை நடக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ஒரு விளக்கு எரியும். அதற்குமேல் ஒன்றும் கிடையாது. ஆனால் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம் உண்டு.

ஆட்டம் என்றால் சாமியாட்டம் இல்லை. கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு, அதில் எலுமிச்சம்பழத்தை வைத்து ஓடுவது. பாட்டு நின்றதும் நாற்காலி பிடிப்பது. கயிறு இழுப்பது. கடைசியில் கோ-கோ. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் முதலில் போனைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்கும். அரைமணி நேரத்தில் அதே பிள்ளைகள் ஒரு நாற்காலிக்காகச் சொந்த மாமனோடு மல்லுக்கு நிற்கும். போன மாதம் ஒரு பாங்கு மேனேஜர் அவசரத்தில் தன் மாமியார் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாளும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மடத்தை நடத்துகிறவரைத் தாயார் என்போம். வயது நாற்பத்து மூன்றுதான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். முன்பு இங்கே இருந்த பெரியவரைக் கடைசிக் காலத்தில் கவனித்துக்கொள்ள வந்தார். பெரியவர் கண் மூடும்போது, "இனிமே நீ பாத்துக்க" என்று மட்டும் சொன்னாராம். எதைப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. தாயார் வருகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறார்.

என் பெயர் அடைக்கலம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதும், தபால் கொண்டுபோய்ப் போடுவதும் என் வேலை.

தாயாரின் சீடர்களில் மூத்தவர் வைரவநாதன் மாஸ்டர். அறுபத்து நான்கு வயது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சீடருக்கு மீசையெல்லாம் நரை, குருவுக்கு ஒரு முடி நரைக்கவில்லை. அதனால் புதிதாக வருகிறவர்கள் மாஸ்டரின் காலில் விழப் போவார்கள். அவர் பதறிப்போய் பின்னால் நகர்ந்து, "அங்க, அங்க" என்று தாயாரைக் கை காட்டுவார்.

அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். மடத்து ஆட்டங்களுக்கெல்லாம் அவர்தான் நடுவர்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஞாயிறன்று சாப்பிட்டுக் கை கழுவியதும், விரும்புகிறவர்கள் தாயாரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். ஒன்றுதான். மாஸ்டர் வந்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடமாக ஒரே கேள்வி.

"உமையாள் எப்ப வருவா தாயாரே?"

தாயாரிடமிருந்தும் மூன்று வருடமாக ஒரே பதில்.

"ஆட்டத்துக்கு நேரமாச்சு மாஸ்டர். விசிலை எடுங்க."

உமையாள் அவருடைய ஒரே மகள். மணப்பாறையில் இருக்கிறாள். பேத்திக்கு ஒன்பது வயது என்று யாரோ சொல்லிக் கேள்வி. மாஸ்டர் அந்தக் குழந்தையைப் பார்த்ததே இல்லை.

மகள் ஏன் பேசுவதில்லை என்பதை மாஸ்டரே சொல்லுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. புதிதாக யார் வந்தாலும் இரண்டாவது நாள் அந்தக் கதை வந்துவிடும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், மாவட்டப் பள்ளிகளின் கோ-கோ இறுதி ஆட்டம். வரவேண்டிய நடுவர் வரவில்லை. மாஸ்டரை நிற்கச் சொன்னார்கள். ஆடியது அவர் மகளின் அணி. கடைசி நிமிடம். உமையாள் எழுந்து ஓடி எதிராளியைத் தொட்டுவிட்டாள். மைதானமே கத்தியது. மாஸ்டர் விசில் ஊதினார். துரத்தி வந்தவள் தொட்டு 'கோ' சொல்லாமலே எழுந்தது தப்பு, அந்தப் புள்ளி செல்லாது என்றார். ஒரு புள்ளியில் மகள் தோற்றாள்.

"பெத்த பொண்ணுன்னு பாக்கல. தப்புன்னா தப்புதான்" என்று முடிப்பார்.

அதற்காகப் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடை இன்றும் அவர் பெட்டியில் மடித்தபடி இருக்கிறது. கதையைக் கேட்கிறவர்கள், "நடுநிலைன்னா இதுதான்" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். தாயார் மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போவார்.

ஒவ்வொரு மாதமும் மாஸ்டர் மகளுக்கு ஒரு கார்டு எழுதுவார். தபாலில் போடுகிறவன் நான் என்பதால் அதில் இருப்பது எனக்கு மனப்பாடம். கார்டில் ஒளிக்க என்ன இருக்கிறது?

'அன்புள்ள உமையாளுக்கு. வருகிற கடைசி ஞாயிறு மடத்தில் சாப்பாடும் ஆட்டமும் உண்டு. பாப்பாவை அழைத்துக்கொண்டு வரவும். இப்படிக்கு அப்பா.'

அப்பா என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை அழுத்தி எழுதியிருப்பார். மை பின்பக்கம் வரை இறங்கியிருக்கும்.

மணப்பாறையிலிருந்து வருகிற பஸ் மடத்துக்கு வெளியே ரோட்டு வளைவில் நிற்கும். பதினொன்று நாற்பதுக்கு ஒன்று, மூன்று இருபதுக்கு ஒன்று, ஐந்து பத்துக்கு ஒன்று. கடைசி ஞாயிறுகளில் ஆரன் சத்தம் கேட்டதும் மாஸ்டரின் கழுத்து தானாகத் திரும்பும். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். பஸ் கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் அந்தத் தூசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்காது. கோடு அழிந்துவிட்டது என்று சொல்லிச் சுண்ணாம்பு டப்பாவோடு வேறு பக்கம் போய்விடுவேன்.

போன ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறும் அப்படித்தான் ஆரம்பித்தது.

பதினொன்று நாற்பது பஸ்ஸில் ஒரு புடவை வியாபாரியும் இரண்டு கோழிகளும் இறங்கினார்கள். சாப்பாடு முடிந்தது. மாஸ்டர் கேட்டார். தாயார் விசிலை எடுக்கச் சொன்னார். மூன்று இருபது பஸ்ஸில் யாருமே இறங்கவில்லை.

அதன் பிறகு கோ-கோ தொடங்கியது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. துரத்துகிற அணியில் எட்டுப் பேர் மைதானத்தின் நடுவே வரிசையாகக் கட்டத்துக்கு ஒருவராகக் குந்தி உட்கார வேண்டும். ஒருவர் கிழக்கே பார்த்தால் அடுத்தவர் மேற்கே பார்க்க வேண்டும். ஒன்பதாவது ஆள் துரத்துவார். அவர் ஓடிவந்து, உட்கார்ந்திருக்கிறவர் முதுகைத் தொட்டு, "கோ" என்று சொன்னால் அவர் எழுந்து துரத்தலாம். சொன்னவர் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். கோ கிடைக்காமல் எழுந்தால் தப்பு. அவ்வளவுதான் ஆட்டம்.

எங்கள் மடத்து வரிசையைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். முதல் கட்டத்தில் மளிகைக்கடை சிவகாமி அக்கா, குந்த முடியாததால் ஸ்டூலில். அடுத்து ஒரு கல்லூரிப் பையன். அடுத்து அவனுடைய சித்தப்பா. இப்படியே போய்க் கடைசிக் கட்டத்தில், கம்பத்துக்குப் பக்கத்தில், ரித்திகா என்று ஒரு ஒன்பது வயதுப் பெண். துரத்துகிறவர் தாயார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார் என்றால் சிறுசுகளாலும் பிடிக்க முடியாது.

எதிரணியில் ஒரே ஒருவன்தான் மிச்சம். லோகேஷ் என்ற கல்லூரி மாணவன். மீன் மாதிரி நழுவிக்கொண்டிருந்தான். அவன் கம்பத்தைச் சுற்றித் திரும்பினான். தாயார் அவனை விட்டுவிட்டு ரித்திகாவின் முதுகில் கை வைத்தார்.

"கோ."

ஓடிக் களைத்த குரல். பெரிய சத்தம் இல்லை. ரித்திகா துள்ளி எழுந்தாள். இரண்டு எட்டு வைத்து லோகேஷின் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

பிள்ளைகள் கத்தின. ஓரத்தில் நின்ற ஒருவர் கை தட்டிக்கொண்டே கிண்டலாகச் சொன்னார். "தாயார் கட்சி ஆடுனா மாஸ்டர் கண்ண மூடிக்கிருவாருல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். விசில் சத்தம் கேட்டது.

"தப்பு" என்றார் மாஸ்டர். "கோ இல்லாம எந்திரிச்சது. அவுட் செல்லாது."

ரித்திகா திரும்பினாள். "இல்ல தாத்தா. கோ சொன்னாங்க தாத்தா."

"கேக்கல."

"சொன்னாங்க தாத்தா. முதுகுல கை வச்சாங்க."

"கேக்கலன்னா கேக்கல."

அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மாஸ்டரின் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்தாள். அப்புறம் மைதானத்தை விட்டு வெளியே நடந்தாள். "வீட்டுக்குப் போலாம்மா" என்று அவள் அம்மாவிடம் சொன்னது எங்களுக்கெல்லாம் கேட்டது. அவள் அம்மா ஏதோ சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. வண்டி நிறுத்தியிருந்த பக்கம் முன்னால் நடந்தாள்.

தாயார் அதற்குள் ரித்திகாவின் கட்டத்தில் உட்கார்ந்திருந்தார். விதிப்படி அவர் அங்கேதான் உட்கார வேண்டும். அங்கிருந்தே தலையைத் தூக்கி மாஸ்டரைப் பார்த்தார்.

"மாஸ்டர், எனக்கும் உங்களுக்கும் எத்தனை அடி இருக்கும்?"

ஆறடி இருக்கும். கோடு போட்டவன் நான், எனக்குத் தெரியும்.

"கேட்டுச்சா?" என்றார் தாயார்.

மாஸ்டர் கையிலிருந்து விசில் நழுவி நெஞ்சில் விழுந்தது.

"கேட்டுச்சு" என்றார்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சிவகாமி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யார்கிட்டச் சொல்றீங்க?" என்றார் தாயார். "அந்தப் புள்ள அங்க போயிட்டா."

மாஸ்டர் வேகமாக நடந்தார். பாதி வழியில் ஓடினார். அந்த அம்மாள் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் ரித்திகாவுக்கு முன்னால் போய்க் குனிந்தார். பிறகு முழங்காலில் கை ஊன்றி, அவள் உயரத்துக்கு இறங்கினார்.

"பாப்பா, தாயார் கோ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நான்தான் பொய் சொல்லிட்டேன்."

ரித்திகா யோசித்தாள்.

"அப்ப லோகேஷ் அண்ணன் அவுட்டா?"

"அவுட்டு."

"அப்ப நாங்க ஜெயிச்சுட்டமா?"

"ஜெயிச்சுட்டீங்க."

அவ்வளவுதான். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மைதானத்துக்கு ஓடிவந்தாள். வரும்போதே, "ஜெயிச்சுட்டோம், ஜெயிச்சுட்டோம்" என்று கத்திக்கொண்டு வந்தாள். லோகேஷ் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். தோற்றவனுக்குத்தான் அதிக சந்தோஷம்.

மாஸ்டர் ஸ்கூட்டர் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் காலடியில் அந்தச் சின்னச் செருப்புகள் கிடந்தன. குனிந்து அவற்றை எடுத்து ஜோடியாக வைத்தார்.

நாலரை மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். தாயார் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் வந்தார்.

"இவ்வளவுதானா தாயாரே?" என்றார்.

"எது?"

"ஒரு வார்த்தை சொன்னேன். ஓடி வந்துட்டா. அன்னிக்கும் இவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு."

தாயார் நாற்காலியைக் கீழே வைத்தார். "என்னிக்கு?"

"அன்னிக்கும் கோ எனக்குக் கேட்டுச்சு."

நான் கயிறு சுருட்டுவதை நிறுத்தினேன். மூன்று வருடமாக நான் தலையாட்டிக் கேட்ட கதை அது.

மாஸ்டர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பூரணின்னு ஒரு புள்ள. ஓடி வந்து உமையாள் முதுகுல கை வச்சு கோன்னுச்சு. மூச்சு வாங்கிக்கிட்டு சொன்னதால சத்தம் பெருசா இல்ல. நான் பக்கத்துலதான் நின்னேன். தெளிவா கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அதே நேரத்துல கூட்டத்துல ஒருத்தன் கத்தினான். அப்பன் விசில் ஊதுனா மக ஜெயிக்காம என்ன பண்ணுவான்னு. அதுவும் கேட்டுச்சு. கை தானா விசிலுக்குப் போயிருச்சு."

"அவ என்ன சொன்னா?"

"அப்பா, கோ கேட்டுச்சுல்லன்னு கேட்டா."

"நீங்க?"

மாஸ்டர் கழுத்து விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மைதானத்துல அப்பான்னு கூப்பிடாத, சார்னு கூப்பிடுன்னேன்."

தாயார் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கம் வைத்தார்.

"அன்னையிலருந்து அவ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடல தாயாரே. சார்னும் இல்ல, அப்பான்னும் இல்ல. சாப்பாடு வச்சாச்சுங்கும். ஆள் வந்திருக்குங்கும். அவ அம்மா செத்தன்னிக்கி வந்தா. என் கிட்ட வந்து நின்னா. கூப்பிடுவான்னு நினைச்சேன். காப்பி குடிச்சாச்சான்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். சாகறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அப்பான்னு கூப்பிட்டா போதும்."

அதைச் சொல்லிவிட்டு அறுபத்து நாலு வயது மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கயிற்றைச் சுருட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி சுருட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்.

"இந்த மாசக் கேள்வி முடிஞ்சு போச்சு. இருந்தாலும் கேக்கறேன். அவ எப்ப வருவா?"

தாயார் மைதானத்தைக் கை காட்டினார். "அந்தக் கடைசிக் கட்டத்துல போய் உட்காருங்க மாஸ்டர்."

"நானா?"

"முப்பது வருஷம் ஊதினீங்க. அங்க உட்காந்திருக்கீங்களா?"

"சின்ன வயசுல உட்காந்தது."

"போங்க. கோ கிடைக்காம எந்திரிக்கக் கூடாது. அது உங்களுக்குத் தெரியும்."

மாஸ்டர் போனார். ரித்திகா உட்கார்ந்திருந்த கட்டத்தில் குந்தினார். முழங்கால் சொடுக்கியது எனக்குக் கேட்டது. அந்தக் கட்டம் மேற்கே இருந்த மலையைப் பார்த்தது. வாசலும் பஸ் வரும் வளைவும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

தாயார் சமையலறைக்குப் போய்விட்டார். அண்டா கழுவுகிற சத்தம் கேட்டது.

ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. மாஸ்டர் இடது காலிலிருந்து வலது காலுக்குப் பாரத்தை மாற்றினார். வலியை மறைக்கிற முகத்தை முதுகிலேயே பார்க்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் மெதுவாக அவர் பக்கம் நகர்ந்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து தாயாரின் குரல் வந்தது.

"அடைக்கலண்ணே, அந்தப் பக்கம் போகாதீங்க."

நின்றுவிட்டேன்.

ஐந்து பத்துக்கு மணப்பாறை பஸ் வந்தது. ஆரன் அடித்தது. மாஸ்டரின் கழுத்து விறைத்தது. திரும்பவில்லை. மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நின்றது. யாரோ இறங்கினார்கள். சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு பொம்பளை நடக்கிற சத்தம். மடத்து வாசல் பக்கமாக வந்தது. மாஸ்டருடைய முதுகு முழுக்கக் காதாக இருந்தது. கை இரண்டும் தரையில் ஊன்றி, எழுந்திருக்கத் தயாராக இருந்தார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணும் இப்படித்தான் கையை ஊன்றியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

சத்தம் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்துக்குப் பால் கறக்கப் போகிற பெண். நான் அதைச் சொல்லவில்லை. அவரே தெரிந்துகொண்டிருப்பார். ஊன்றிய கைகளை மெதுவாக எடுத்து மடியில் வைத்தார்.

தாயார் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். மாஸ்டருக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்றார்.

"கோ" என்றார்.

மாஸ்டர் பாதி எழுந்தார். உடனே உட்கார்ந்துவிட்டார்.

"தொடலையே தாயாரே."

"வார்த்தை சரியாத்தானே சொன்னேன்?"

"வார்த்தை சரிதான். தொட்டுச் சொன்னாத்தான் கோ."

"நாலடிதானே தள்ளி நிக்கிறேன்?"

"நாலடின்னாலும் தூரம் தூரந்தான். கிட்ட வரணும்."

"மணப்பாறை எத்தனை அடி மாஸ்டர்?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் எழுதிய கார்டுகளெல்லாம் என் கையில்தான் போயின. எனக்கும் தலை குனிந்தது.

தாயார் நெருங்கி வந்து அவர் முதுகில் கை வைத்தார்.

"கோ."

மாஸ்டர் எழுந்தார். உடனே நிமிர முடியவில்லை. தொடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்து, திரும்பிப் பார்த்தார். தாயார் அந்தக் கட்டத்தில் மலையைப் பார்த்துக் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எதுக்குத் தாயாரே உட்காரறீங்க?"

"கோ சொன்னவங்க எங்க உட்காரணும்?"

அந்த விதியை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"காலையில ஆறு பத்துக்கு மணப்பாறைக்கு ஒரு பஸ் போகுது" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லைதான். இருந்தாலும் சொன்னேன்.

மாஸ்டர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். கயிறு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம். விசிலை என் சுண்ணாம்பு டப்பாவின் மேல் வைத்தார்.

"போறேன்" என்றார். "நேர்ல போய் நிக்கிறேன். கோ கேட்டுச்சும்மான்னு சொல்றேன்."

இரண்டு எட்டு நடந்தார். மறுபடி வந்தார்.

"தாயாரே."

"சொல்லுங்க."

"இன்னிக்கு வந்த பாப்பா சின்னப் புள்ள. சொன்ன உடனே ஓடி வந்துட்டா. உமையாள் அப்படி வர மாட்டா. நான் சொல்றதைக் கேட்டுட்டு ஒரு வார்த்தை பேசாம கதவைச் சாத்திக்கிட்டா? அப்புறம் அவ இருந்த எடத்துல நான்தானே உட்காரணும். என்னை யாரு வந்து எழுப்புவா?"

தாயார் திரும்பவில்லை. மலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அதைத்தான் மாஸ்டர், அவ இருபத்திரண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கா."